வெள்ளைக்காரன் புகை விட்ட கதை

1257-ஆம் வருஷம். இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஹென்றி வேல்ஸ்காரர்களோடு சண்டைக்குப் போயிருந்தார். ராணி எலினார் நாட்டிங்காம் கோட்டையில் இருந்தாள். கீழே ஊருக்குள் நிலக்கரி எரித்த புகை மேலே ஏறி அந்தப்புரம் வரைக்கும் வந்தது. தென் பிரான்ஸில் நல்ல காற்றில் வளர்ந்த உடம்பு, தாங்கவில்லை. மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு டட்பரி கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தாள். மடத்துச் சாமியார் ஒருவர் வேலை மெனக்கெட்டு இதைக் குறித்து வைத்ததால் நமக்குத் தெரிகிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் கொள்கை அன்றைக்குப் பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கொள்கை எளிமையானது: வசதி உள்ளவர் வேறு ஊருக்குப் போய்விட வேண்டியது.

நாட்டிங்காம் கோட்டையிலிருந்து சில மைல் தள்ளி ராட்கிளிஃப்-ஆன்-சோர் என்று ஓர் அனல்மின் நிலையம். 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி அதை இழுத்து மூடினார்கள். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் அதுதான். ராணி புகார் கொடுத்து 767 வருஷம் கழித்து நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள். நம்மூர் தாலுகா ஆபீசைக் குறை சொல்லுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

இப்போது பிரிட்டிஷ் மந்திரிகள் எந்த மாநாட்டுக்குப் போனாலும் ஒரு கணக்கைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். 1990-க்கும் 2022-க்கும் நடுவில் நாட்டின் பசுங்குடில் வாயு பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் பொருளாதாரம் கிட்டத்தட்ட 80 சதவீதம் வளர்ந்தது. புகை குறைந்தால் பிழைப்பு போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் வாயை மூட இந்த இரண்டு எண்ணும் போதும். கணக்கு சரிதான், பொய்யில்லை. ஆனால் எப்படி ஐயா சாதித்தீர்கள் என்று கேட்டால், தொலைநோக்கு, அர்ப்பணிப்பு, விஞ்ஞான மனப்பான்மை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சரித்திரத்தைப் புரட்டினால் வேறு ஆட்கள் வருகிறார்கள். மூக்கு எரிந்தவர், கஜானா காலியானவர், தொழிற்சங்கத்தின் மேல் கடுப்பில் இருந்தவர், மலிவாக வாயு கிடைத்தவர். பூமியைக் காப்பாற்றக் கிளம்பியவரை இந்தக் கூட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எலினாரின் மகன் எட்வர்ட் ராஜாவானதும் அம்மாவின் மூக்குக்கு நியாயம் தேடினார். லண்டனில் விறகு விலை ஏறியதால் சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் வடக்கேயிருந்து கப்பலில் வந்த கரியை எரித்துக்கொண்டிருந்தார்கள். 1307-இல் ராஜ கட்டளை: காளவாயில் கரி எரிக்கக் கூடாது, மீறினால் பலத்த அபராதம். கட்டளையை மீறிய ஒருவன் தலையை வாங்கினார் என்று ஒரு கதை உலவுகிறது, ஆதாரம் கிடையாது. யாரும் கேட்கவில்லை என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. ராஜாவுக்குக் கோட்டை கட்டச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்புக்குக் கரி வேண்டும். கட்டளை போட்டவரே வாடிக்கையாளராகவும் இருந்தால் கட்டளை என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

முந்நூற்றைம்பது வருஷத்தைத் தாண்டிவிடலாம். அந்தக் காலத்தில் கரி எரிந்தது, அவ்வளவுதான்.

1661-இல் ஜான் ஈவ்லின் என்ற கனவான் லண்டன் புகையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி இரண்டாம் சார்லஸ் ராஜாவுக்குச் சமர்ப்பித்தார். புகை விடும் தொழில்களை ஊருக்கு வெளியே தள்ளுங்கள், நகரைச் சுற்றி வாசனைச் செடி நட்டு வையுங்கள் என்பது யோசனை. ராஜாவுக்குப் பிடித்தது. பிடித்தது என்றால் அதோடு சரி. மறு வருஷம் அவர் கொண்டுவந்தது வேறொன்று: அடுப்பு வரி. வீட்டில் எத்தனை கணப்படுப்போ அத்தனைக்கும் வருஷம் இரண்டு ஷில்லிங். புகையைக் குறைக்க இல்லை. ராஜாவுக்குக் கைச்செலவுக்குப் பணமில்லை.

ஆனாலும் பாருங்கள், கரி வரி மாதிரி ஒன்று தற்செயலாக உண்டாகிவிட்டது. சனங்களும் அதற்கேற்ற வரி ஏய்ப்பை உண்டாக்கினார்கள். வரி வசூலிப்பவர் தெருமுனையில் தலை காட்டினால் அடுப்பைக் கல் வைத்து அடைப்பது. 1684-இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் சர்ச்சில் என்ற கிராமத்தில், ரொட்டி சுடுகிற ஒருவர் தனிப் புகைபோக்கிக்கு வரி கட்ட மனமில்லாமல் சுவரில் ஓட்டை போட்டுப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் இணைத்தாராம். தீப்பிடித்து இருபது வீடு போயிற்று, நாலு உயிரும் போயிற்று என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். புகைக்கு வரி போட்டால் சாமானியன் நேராகப் புகையைக் குறைப்பான் என்று பாடம் எடுக்கும் பொருளாதாரப் பேராசிரியர்கள் அந்த ஊருக்கு ஒரு நடை போய்வரலாம்.

இனி எஞ்சின்காரர்கள். 1712-இல் தாமஸ் நியூகோமன் என்ற இரும்புக் கடைக்காரர் டட்லி பக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நீராவிப் பம்பு வைத்தார். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க. அதாவது கரி வெட்டக் கரி எரிப்பது. அந்த எஞ்சின் தின்ற தீனிக்குச் சுரங்க வாசலைத் தவிர வேறு எங்கே வைத்தாலும் கட்டுப்படியாகாது. இந்த நிலையில்தான் ஜேம்ஸ் வாட் வருகிறார். கெட்டில் மூடி ஆடியதைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்று நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே, அவர். எஞ்சின் அவருக்கு முன்பே இருந்தது. அது கரியை வீணடிப்பதைத்தான் அவர் கண்டுபிடித்தார். ஆவியைக் குளிர்விக்கத் தனி அறை வைத்தால் கரி மிச்சம். 1769-இல் காப்புரிமை.

அடுத்து வந்ததுதான் சாமர்த்தியம். வாட்டும் கூட்டாளி போல்டனும் எஞ்சினை விலைக்கு விற்றுவிட்டுப் போகவில்லை. பழைய எஞ்சின் இருந்தால் எவ்வளவு கரி எரிந்திருக்கும், எங்கள் எஞ்சினில் எவ்வளவு எரிந்தது, வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கை வருஷா வருஷம் எங்களுக்குக் கொடு. இன்றைக்கு எரிசக்திச் சேமிப்புக் கம்பெனிகள் கோட்டுப் போட்டுக்கொண்டு பவர்பாயிண்டில் காட்டும் திட்டம் இதுதான், 250 வருஷம் பழசு. கார்ன்வால் செம்புச் சுரங்கக்காரர்கள் முதலில் வாயெல்லாம் பல்லாகச் சம்மதித்தார்கள். கொஞ்ச நாள் போனதும் முணுமுணுப்பு. எரிக்காத கரிக்கு எதற்கய்யா காசு என்று ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு பாக்கி, வழக்கு, வக்கீல் நோட்டீஸ். மிச்சப்படுத்தியதற்குப் பணம் கொடுக்க எந்த மனிதனுக்கும் மனசு வராது. எரித்துத் தீர்த்ததற்கு வாயைத் திறக்காமல் கொடுத்துவிடுவான்.

வாட்டின் எஞ்சினால் நாட்டில் கரிச் செலவு குறைந்ததா? இந்தக் கேள்வியோடு 1865-இல் ஸ்டான்லி ஜெவன்ஸ் மேடையேறுகிறார். வயது 29, மான்செஸ்டரில் வாத்தியார். அவர் சொன்னது ஊரையே உலுக்கியது. எஞ்சின் சிக்கனமானால் எஞ்சின் ஓட்டுவது மலிவாகும். மலிவானால் ஊரில் இல்லாதவனெல்லாம் எஞ்சின் வைப்பான். மொத்தத்தில் கரி இன்னும் அதிகமாகத்தான் எரியும். ஒரு நாள் கரி தீரும், இங்கிலாந்தின் சுக்கிரதசையும் தீரும். பார்லிமெண்டில் பேச்சு, கமிஷன் என்று அமளிப்பட்டது. மனுஷர் தன் கொள்கையைத் தானே நம்பியவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். காகிதமும் தீர்ந்துவிடும் என்று பயந்து எழுதுகாகிதமும் சிப்பம் கட்டும் காகிதமும் வீட்டில் வாங்கிக் குவித்தார். அவர் செத்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகும் பிள்ளைகளால் அதைத் தீர்க்க முடியவில்லை என்று பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் எழுதி வைத்திருக்கிறார்.

ஜெவன்ஸ் காற்றாலையையும் யோசித்துப் பார்த்தார். காற்று நம் இஷ்டத்துக்கு அடிக்காது என்று சொல்லித் தள்ளிவிட்டார். இன்றும் டீக்கடையில் அதே வாதம்தான் ஓடுகிறது.

கரி தீரவில்லை. 1913-இல் பிரிட்டன் வெட்டியது சுமார் 29 கோடி டன், அதில் மூன்றில் ஒரு பங்கு கப்பலேறி வெளியே போயிற்று. பத்து லட்சம் பேருக்கு மேல் குழிக்குள் இறங்கினார்கள். அதே வருஷம் வேல்ஸில் செங்கனித் சுரங்கத்தில் ஒரே வெடிவிபத்தில் 439 தொழிலாளர்கள் செத்தார்கள். மலிவான கரி என்று எழுதும்போது இந்தச் செலவு கணக்கில் ஏறியதில்லை.

விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். சொல்லத்தான் செய்தார்கள். 1856-இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கரியமில வாயு உள்ள குழாய் அதிகம் சூடாவதைக் காட்டினார். அவர் கட்டுரையை வேறொருவர் எழுந்து வாசித்தார். மூன்று வருஷம் கழித்து லண்டனில் ஜான் டிண்டல் இன்னும் துல்லியமான கருவியோடு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்களை அளந்தார். பெயரும் அவருக்கே போயிற்று. 1938-இல் கை காலண்டர் என்ற நீராவி எஞ்சினியர், பூமி ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருக்கிறது, காரணம் கரிப்புகை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு அற்புதம், முடிவுதான் வெள்ளைக்கார முடிவு: குளிர் தேசத்துக்கு இது நல்லதுதானே, பனியுகம் திரும்பி வராமல் இருக்கும். குளிர் தேசத்தில் உட்கார்ந்து எழுதிய மனுஷனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

நடுவில் ஒரு யானைக் கதை. 1882 ஜனவரியில் லண்டன் ஹோல்பார்ன் பாலத்தருகே எடிசன் கம்பெனி ஒரு மின்நிலையம் திறந்தது. பொதுமக்களுக்குக் கரி எரித்து மின்சாரம் கொடுத்த முதல் நிலையம். அங்கே இருந்த 27 டன் ஜெனரேட்டருக்கு ஜம்போ என்று பெயர், அப்போது ஊரே கொண்டாடிய லண்டன் மிருகக்காட்சிச் சாலை யானையின் பெயர். அதே வருஷம் அந்த யானையை அமெரிக்க சர்க்கஸ்காரரிடம் விற்றுவிட்டார்கள். நாலு வருஷத்தில் மின்நிலையமும் நஷ்டத்தில் மூடியது. முதல் கரி மின்நிலையமே ஓடவில்லை என்பதை யாராவது சகுனமாக எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. 1882-இலிருந்து மொத்தம் 142 வருஷம் எரித்தார்கள்.

இனி 1952 டிசம்பர். போர் முடிந்து ஏழு வருஷம், கஜானா சுரண்டப்பட்டுக் கிடக்கிறது. நல்ல கரியை வெளிநாட்டுக்கு விற்று டாலர் பார்த்துக்கொண்டு, தூளும் துண்டுமான கழிவுக் கரியை உள்ளூரில் ரேஷன் இல்லாமல் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் டிசம்பர் 1-ஆம் தேதி திறந்துவிட்டது. குளிர் தாங்காமல் சனங்கள் அள்ளி அள்ளிப் போட்டார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி காற்று நின்றது. புகையும் பனியும் சேர்ந்து மஞ்சளும் கறுப்புமாக ஊரை மூடியது. பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் தீவட்டியோடு நடந்தார், பின்னால் டிரைவர் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தார். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்துக்குள் புகை புகுந்து இசை நாடகம் முதல் காட்சிகளோடு நின்றது. ஸ்மித்ஃபீல்டு மாட்டுக் கண்காட்சிக்கு வந்த பரிசு மாடுகள் மூச்சுத் திணறி விழுந்தன. அழுக்குத் தொழுவத்தில் நின்ற மாடுகளைவிட, பரிசுக்காகக் குளிப்பாட்டிச் சுத்தமான வைக்கோலில் நிறுத்திய மாடுகளுக்குத்தான் அதிகம் பாதிப்பு. தொழுவத்துச் சிறுநீரின் அம்மோனியா புகையின் அமிலத்தை முறித்ததே காரணம் என்று பிறகு விளக்கினார்கள்.

ஐந்து நாளில் நாலாயிரம் பேர் அதிகமாகச் செத்ததாக முதல் கணக்கு. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் பன்னிரண்டாயிரம் என்றன. நகரத்தில் சவப்பெட்டியும் பூவும் தீர்ந்துபோன பிறகுதான் பலருக்கு விஷயமே புரிந்தது.

அரசாங்கம் என்ன செய்தது? வீட்டுவசதி மந்திரி ஹெரால்ட் மாக்மில்லன், பின்னால் பிரதமரானவர், சக மந்திரிகளுக்கு ரகசியக் குறிப்பு ஒன்று அனுப்பினார். அதன் சாரம் இது: என்னவோ தெரியவில்லை, சனங்களும் பத்திரிகைக்காரர்களும் இந்தப் புகைமூட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு கமிட்டி போடுவோம், நம்மால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, ஆனால் மும்முரமாக இருப்பது போலக் காட்டிக்கொள்ளலாம், இந்தக் காலத்தில் அதுவே பாதி வெற்றி. இந்தக் குறிப்பை உலகத்து அமைச்சகங்களின் வாசலிலெல்லாம் கல்வெட்டாக வைக்கலாம். சோகம் என்னவென்றால், அவர் போட்ட கமிட்டி நிஜமாகவே வேலை செய்துவிட்டது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நகரங்களில் புகையற்ற மண்டலங்கள் வந்தன, வீட்டு அடுப்புகள் மாறின. மின்நிலையங்களுக்கு மட்டும் வேறு வைத்தியம்: புகைபோக்கியை உயரமாகக் கட்டு. ராட்கிளிஃப் புகைபோக்கியும் அந்த ஜாதிதான். உயரே போன கந்தகம் காற்றோடு கடல் தாண்டி நார்வேயிலும் ஸ்வீடனிலும் அமில மழையாக இறங்கியது. தன் வாசலைப் பெருக்கிக் குப்பையை எதிர் வீட்டு வாசலில் தள்ளிவிட்டு, கோலம் போட்டு நிற்கிற வேலை.

1984-க்கு வருவோம், இது சிரிக்கச் சிரமமான இடம். பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு முன்னால் 1974-இல் அவர் கட்சியின் அரசாங்கம் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் நடுவே தேர்தலுக்குப் போய்த் தோற்றது. அம்மையார் மறக்கவில்லை. முதலில் மின்நிலையங்களில் கரியை மலைமலையாகக் குவிக்கச் செய்தார். பிறகு இருபது சுரங்கம், இருபதாயிரம் வேலை போகும் என்ற அறிவிப்பு. மார்ச் 1984-இல் ஆர்தர் ஸ்கார்கில் தலைமையில் தொழிலாளர்கள் இறங்கினார்கள். குதிரைப் போலீஸ், லத்தி, பட்டினி, பொதுச் சமையல் என்று ஒரு வருஷம். 1985 மார்ச்சில் பேண்டு வாத்தியத்தோடு தோற்றுத் திரும்பினார்கள். இருபது சுரங்கம்தானே என்றார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் தொழிலே கிட்டத்தட்டக் காணாமல் போயிற்று. கரியமில வாயுவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தாட்சர் மூட நினைத்தது புகைபோக்கியையல்ல, சங்கத்தை.

ஆனால் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தவர். 1989 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் எழுந்து நின்று, பூமி சூடாகிறது, உலக நாடுகள் உடன்படிக்கை போட வேண்டும் என்று பேசினார். அன்றைய உலகத் தலைவர்களில் வெகு சிலரே அப்படிப் பேசினார்கள். சங்கத்தை நொறுக்கியவர் வாயாலேயே பருவநிலை உபதேசம்! 2002-இல் எழுதிய புத்தகத்தில் பருவநிலைக்காரர்களையே அவர் கிண்டலடித்துவிட்டார் என்பது வேறு விஷயம். தாட்சரை முன்னோடி என்று பசுமைக்காரர்கள் ஒரு கையால் இழுக்க, எங்கள் ஆள் என்று மறுப்பாளர்கள் இன்னொரு கையால் இழுக்க, அம்மையாரின் ஆவி இன்னும் இரண்டு பக்கமும் ஓட்டு வாங்குகிறது.

அவர் செய்த உருப்படியான வேலை அவருக்கே தெரியாமல் நடந்தது. மின்சார வாரியத்தைத் தனியாருக்கு விற்றார். வாங்கிய கம்பெனிகளுக்குச் சீக்கிரம் கட்டி முடிக்கிற மலிவான மின்நிலையம் வேண்டும். வடகடலில் வாயு கிடக்கிறது. மின்நிலையத்தில் வாயு எரிக்கக் கூடாது என்றிருந்த ஐரோப்பியத் தடையும் 1991-இல் எடுபட்டது. அவ்வளவுதான், கம்பெனிகள் விழுந்தடித்துக்கொண்டு வாயு நிலையங்கள் கட்டின. ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கரி விடும் கரியமில வாயுவில் பாதிதான் வாயு விடும். தொண்ணூறுகளில் பிரிட்டனின் கணக்கு சறுக்குமரத்தில் இறங்கியது. 1997-இல் கியோட்டோவில் நாங்கள் இவ்வளவு குறைக்கிறோம் என்று பிரிட்டன் மார்தட்டியபோது, பாதி வேலையை லாப ஆசை முடித்து வைத்திருந்தது. பரீட்சை எழுதி முடித்த பிறகு விடைத்தாளைப் பார்த்துக் கேள்வி தயாரிப்பது போன்ற சவுகரியம் உலகத்தில் வேறில்லை.

காற்றாலையும் இதே கதைதான். அணுமின் நிலையங்களைத் தனியார் எவரும் சீந்தவில்லை. அவற்றைக் காப்பாற்ற, புதைபடிவ எரிபொருள் அல்லாத மின்சாரத்தை இவ்வளவு வாங்கியாக வேண்டும் என்று 1990-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். விதியில் எழுதியிருந்தது அப்படி. அணு என்று மட்டும் எழுதினால் அசிங்கமாக இருக்கும் அல்லவா? அந்த ஓட்டை வழியாகக் காற்றாலைக்காரர்கள் நுழைந்தார்கள். 1991 டிசம்பரில் கார்ன்வாலில் டெலபோல் என்ற இடத்தில் ஒரு பால் பண்ணையில் பத்துக் காற்றாலைகள் சுழன்றன. பிரிட்டனின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணை. அணுவுக்கு வைத்த சாப்பாட்டில் காற்று வயிறு நிறைத்துக்கொண்டது.

கடைசியில், ஆமாம் கடைசியில்தான், வேண்டுமென்றே ஒரு காரியம் செய்தார்கள். 2008 அக்டோபர் 28 இரவு, காமன்ஸ் சபையில் பருவநிலை மாற்றச் சட்டத்தின் கடைசி ஓட்டெடுப்பு. 2050-க்குள் 80 சதவீதம் குறைத்தாக வேண்டும், ஐந்தைந்து வருஷத்துக்குக் கார்பன் பட்ஜெட், தவறினால் அரசாங்கத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். உலகத்தில் எந்த நாடும் அப்படிச் சட்டம் போட்டதில்லை. ஆதரவு 463, எதிர்ப்பு 3. பூமி சூடாவதைத் தடுக்க உறுப்பினர்கள் உள்ளே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த அந்த ராத்திரி, வெளியே லண்டனில் பனி கொட்டியது. அக்டோபரில் லண்டனில் பனி விழுந்தது 1934-க்குப் பிறகு அன்றைக்குத்தான். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் சபையிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். இயற்கைக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு, ஆனால் ஓட்டுரிமை கிடையாது.

அடுத்து நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பார்ன். 2011-இல் கட்சி மாநாட்டில், நாட்டைத் திவாலாக்கிவிட்டுப் பூமியைக் காப்பாற்றப் போவதில்லை என்று முழங்கிக் கைதட்டல் வாங்கியவர். பசுமைக்காரர்கள் அவர் பெயரைச் சொன்னாலே பல்லைக் கடிப்பார்கள். அவருக்கும் இரண்டாம் சார்லஸின் வியாதி, கஜானா காலி. 2013-இல் மின்நிலையங்கள் விடும் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வைத்து வரி போட்டார். மூன்று வருஷத்தில் அது டன்னுக்கு 18 பவுண்டில் வந்து நின்றது. கரி வாயுவைப் போல இரண்டு மடங்கு புகை விடுவதால் இரண்டு மடங்கு வரி. நிலையக்காரர்கள் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார்கள், கரி உலையை அணைத்தார்கள். 2012-இல் நாட்டின் மின்சாரத்தில் 40 சதவீதம் கரியிலிருந்து வந்தது. 2016-இல் 9 சதவீதம். எட்வர்ட் ராஜாவின் கட்டளைக்கும் ஈவ்லினின் வாசனைச் செடிக்கும் தாட்சரின் லத்திக்கும் அசையாமல் மின்நிலையங்களில் எரிந்த கரி, ஒரு வரி ரசீதுக்கு நாலே வருஷத்தில் சுருண்டது. 2017 ஏப்ரல் 21 அன்று, 1882-க்குப் பிறகு முதல் முறையாக, பிரிட்டன் ஒரு முழு நாள் கரியில்லாமல் மின்விளக்கு எரித்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டீ சூடாகத்தான் இருந்தது.

கடலில் காற்றாலை நடுவதற்கும் ஏலம் வைத்தார்கள். பத்து வருஷத்துக்குள் ஒரு மெகாவாட் மணிக்கு 114 பவுண்டுக்கு மேல் கேட்டவர்கள் 40 பவுண்டுக்கு இறங்கி வந்தார்கள். அரசாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் அடித்துப் பேசலாம் என்று 2023 ஏலத்தில் உச்சவரம்பைக் கறாராக வைத்தது. கடல் காற்றாலைக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. பேரம் பேசத் தெரிய வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது என்றும் தெரிய வேண்டும். கொத்தவால்சாவடியில் ஒரு வாரம் நின்றிருந்தால் கற்றிருப்பார்கள்.

சரி, அந்த 80 சதவீத வளர்ச்சி? அதுவும் உண்மைதான், ஆனால் அது யார்க்‌ஷயர் சுரங்கக் கிராமத்துக்குப் பஸ் பிடித்துப் போகவில்லை. லண்டனில் உட்கார்ந்து பணத்தைப் பணத்தோடு கலக்கிப் பணம் பண்ணுகிறவருக்கு ஒரு கோடி பவுண்டு சம்பாதிக்கக் கைப்பிடிக் கரி வேண்டாம். தொழிற்சாலைகள் போயின, வங்கியும் வக்கீலும் வளர்ந்தன. பொருளாதாரம் வளர்ந்தது, புகை குறைந்தது. குழிகள் மூடிய ஊர்களில் இளைஞர்களும் குறைந்தார்கள். அது எந்த அட்டவணையிலும் வருவதில்லை.

அட்டவணை என்றதும் ஞாபகம் வருகிறது. நாட்டின் பெரிய கரி மின்நிலையமாக இருந்த டிராக்ஸ், கரியை விட்டுவிட்டு மர உருளைகளை எரிக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மரத்தைத் தூளாக்கி உருட்டிக் கப்பலில் கொண்டுவருகிறார்கள். எரித்தால் புகைபோக்கியில் கரியமில வாயு வரும், வருகிறது. ஆனால் சர்வதேசக் கணக்கு விதிப்படி அது மரம் வெட்டிய நாட்டுக் கணக்கு. எரித்த இடத்தில் பூஜ்யம். மானியமும் உண்டு. வெளிநாட்டுக்குக் கிளம்பும் விமானம் ஹீத்ரோ ஓடுபாதையை விட்டு எழும்பும்போது அந்தப் பாதிக் கணக்கிலிருந்தும் எழும்பிவிடும். லண்டன் கடையில் தொங்கும் பனியனுக்குத் திருப்பூரில் சாயம் காய்ச்சிய பாய்லரின் புகை இந்தியாவின் தலையில். இப்படி இறக்குமதிப் பொருள்களின் புகையையும் சேர்த்துப் பார்த்தாலும் பிரிட்டனின் கணக்கு குறைந்துதான் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பாதி அளவுக்குக் குறையவில்லை. அந்த இரண்டாவது கணக்கையும் பிரிட்டிஷ் அரசாங்கமே வருஷா வருஷம் அச்சிட்டு வெளியிடுகிறது. மந்திரிகளின் சட்டைப்பையில் அதற்கு இடமில்லை.

ராட்கிளிஃப் அணைந்த அதே 2024 செப்டம்பர் 30 அன்று வேல்ஸில் போர்ட் டால்பட் இரும்பு ஆலையின் கடைசி ஊதுலையும் அணைந்தது. முதலாளி டாடா. மின்சார உலை வைக்க பிரிட்டிஷ் அரசு 50 கோடி பவுண்டு கொடுக்கிறது. நாடு முழுக்க சுமார் 2,800 வேலை போகும் என்று அறிவித்தார்கள். சரியாகப் பத்து நாளைக்கு முன்னால், செப்டம்பர் 20 அன்று, ஒடிசாவில் கலிங்கநகரில் அதே டாடா இந்தியாவின் மிகப் பெரிய ஊதுலையைப் பற்றவைத்திருந்தது. ஒடிசாவில் கொண்டாட்டம், வேல்ஸில் கண்ணீர், வானம் ஒன்றுதான்.

ஆறு மாதம் கழித்து பிரிட்டனுக்குத் திடீரென்று ஞானோதயம். ஸ்கன்தார்ப் ஆலையில் மிச்சமிருக்கும் ஊதுலைகளையும் சீன முதலாளி அணைக்கப்போகிறார் என்று தெரிந்ததும், நாட்டில் புது இரும்பு உருக்க ஓர் அடுப்பும் இருக்காதே என்று பதறினார்கள். ஈஸ்டர் விடுமுறையில் இருந்த உறுப்பினர்களை 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, வரவழைத்து ஒரே நாளில் சட்டம் போட்டு ஆலையின் பிடியைக் கையில் எடுத்தார்கள். கடைசி ஆழ்சுரங்கத்தை மூடிப் பத்து வருஷம் ஆகவிருந்த நாடு, உலை அணைவதற்குள் கல்கரிக்கான கரி வேண்டும் என்று உலகத்துக்குப் போன் போட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் கரி வந்து இம்மிங்காம் துறைமுகத்தில் இறங்கியது. மந்திரிகள் பெருமூச்சு விட்டார்கள்.